சிவாஜிநகர் மரியன்னை பேராலயம்: கேட்க ஒன்றுமில்லாத நாளில் போக வேண்டிய கோவில்

பெங்களூர்த் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் ‘மாதா கோவிலுக்குப் போய்வரலாம்’ என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் அது சிவாஜிநகர் தூய மரியன்னை பேராலயம்தான். வேலை, கல்யாணம், குழந்தை, விசா, ஆபரேஷன் என்று ஏதாவது ஒரு வேண்டுதலோடு போகிற இடம். இந்த மதிப்புரை அந்தக் கோவிலை வேறொரு தேவைக்காக எடைபோடுகிறது. கையில் விண்ணப்பம் எதுவும் இல்லாமல், ஒரு சாதாரண வேலைநாளில் அரைமணி நேரம் உட்கார்ந்து, இருப்பதை இருப்பதாகப் பார்த்து, நன்றி சொல்லிவிட்டு எழுந்துவர இது உகந்த இடமா? உகந்த இடம்தான். ஆனால் நாளும் நேரமும் பார்த்துப் போக வேண்டும். போன பிறகு என்ன செய்வது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் போனால் வழக்கமான பட்டியலை ஒப்பித்துவிட்டுத் திரும்புவதுதான் நடக்கும்.

இந்த ஊரில் மனநிறைவு தானாக வந்துவிடாது. வாடகை வீட்டுக்குப் பத்து மாத அட்வான்ஸ் புரட்டிக் கொடுத்து முடிப்பதற்குள் ஒயிட்ஃபீல்டில் ஃபிளாட் வாங்கிய சித்தப்பா மகன் நினைவுக்கு வருவான். இன்கிரிமென்ட் கடிதம் கைக்கு வந்த அன்றைக்கே, பக்கத்து இருக்கைக்காரருக்கு எவ்வளவு என்ற கேள்வி எழும். சில்க் போர்டு சிக்னலில் உடம்பு நிற்கும், மனம் அடுத்த வருடத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இதற்குக் கிறிஸ்தவ விசுவாசம் தரும் மருந்து ‘ஆசைப்படாதே’ என்பதோடு நிற்பதில்லை. இயேசு கற்றுத்தந்த ஜெபத்தில் ‘எங்கள் அனுதின உணவை இன்று எங்களுக்குத் தாரும்’ என்றுதான் கேட்கிறோம். வருடத்துக்கான உணவைக் கேட்பதில்லை. பாலைநிலத்தில் இஸ்ரயேலருக்கு மன்னா என்ற உணவு வானிலிருந்து பொழிந்தபோதும் இதே கணக்குதான். தலைக்கு ஒரு ஓமர், ஏறத்தாழ 2 லிட்டர் அளவு. அன்றன்றைக்குச் சேகரிக்க வேண்டும். மறுநாளுக்கென்று எடுத்துவைத்தது புழுத்து நாற்றமெடுத்தது என்கிறது விவிலியத்தின் விடுதலைப் பயணம் நூல், 16ஆம் அதிகாரம். ஆறாம் நாள் மட்டும் ஓய்வுநாளுக்காகச் சேர்த்து இரட்டை அளவு. ஆக, முன்யோசனையைக் கடவுள் தடுக்கவில்லை, நாளைய பயத்தில் பதுக்குவதைத்தான் தடுத்தார். மாதாமாதம் சீட்டும் எஸ்ஐபியும் கட்டுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். சேமிப்பவருக்கு மனநிறைவு எட்டாது என்பதில்லை.

கோவிலுக்கு வருவோம். பெங்களூரின் மிகப் பழைய கத்தோலிக்க ஆலயம் இது. பதினேழாம் நூற்றாண்டில் செஞ்சிப் பக்கத்திலிருந்து குடிபெயர்ந்து வந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் இங்கே, அப்போது பிளி அக்கிப் பள்ளி என்று வழங்கிய இடத்தில், காணிக்கை மாதாவுக்கு ஒரு சிறு கோவில் கட்டினார்கள். 1803இல் பிரெஞ்சு மிஷனரி துபுவா அடிகள் அங்கே கூரை வேய்ந்த சிற்றாலயம் எழுப்பினார். 1813இல் அது பெரிதாக்கப்பட்டது. இன்று நாம் பார்க்கும் கோதிக் கட்டடத்தின் வேலை 1875இல் தொடங்கி, 1882 செப்டம்பர் 8ஆம் தேதி அர்ச்சிப்பு நடந்தது. கோபுரம் 160 அடி. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களைக் கழற்றிப் பத்திரப்படுத்தி, 1947இல் மறுபடி பொருத்தினார்கள். 1973இல் திருத்தந்தை ஆறாம் பவுல் இதைப் பசிலிக்காவாக, அதாவது தனிச்சிறப்புப் பெற்ற பேராலயமாக, உயர்த்தினார். இதையெல்லாம் தெரிந்துகொண்டு போய் உட்கார்வதில் ஒரு பயன் உண்டு. பிழைப்புக்காக ஊர்விட்டு வந்து, கையிலிருந்த கூரையைப் போட்டுக்கொண்டு கடவுளைக் கும்பிட்டவர்களின் வரிசையில் நீங்களும் ஒருவர். ‘செட்டில் ஆன பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று அவர்கள் ஜெபத்தைத் தள்ளிப்போட்டிருந்தால் இந்தக் கோவிலே இருந்திருக்காது.

போக்குவரத்து எளிது. சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் நடக்கும் தூரம். எதிரே ரஸ்ஸல் மார்க்கெட். மெட்ரோ என்றால் பர்ப்பிள் லைனில் எம்.ஜி. ரோடு நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம், அல்லது கமர்ஷியல் ஸ்ட்ரீட் வழியாக அரைமணிக்குள் நடந்தே வந்துவிடலாம். கார் வேண்டவே வேண்டாம். மார்க்கெட் லாரிகளுக்கும் பஸ்களுக்கும் நடுவே நிறுத்த இடம் தேடி ஏறிய எரிச்சல் அரைமணி ஜெபத்தில் பாதியைத் தின்றுவிடும்.

நாள் தேர்வுதான் முக்கியம். சனிக்கிழமை மாதாவுக்குரிய நாள். ஞாயிறு தமிழ், ஆங்கிலம், கன்னடம் என்று திருப்பலிகள் (பூசைகள்) அடுத்தடுத்து நடக்கும். இரண்டும் இந்தக் காரியத்துக்கு உதவாது. வெள்ளி மதியம் ஜும்மா தொழுகை நேரம், சுற்றுவட்டாரத் தெருக்கள் நிறைந்திருக்கும். ரமலான் மாத மாலைகளிலும் அப்படித்தான். திங்கள் முதல் புதன் வரை, திருப்பலி இல்லாத இடைநேரம் எது என்று கோவில் அறிவிப்புப் பலகையைப் பார்த்துத் தெரிந்துகொண்டு வாருங்கள். திருப்பலி நேரங்கள் விழாக்காலத்திலும் தவக்காலத்திலும் மாறும் என்பதால் இணையத்தில் கிடக்கும் பழைய அட்டவணையை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

எங்கே உட்கார்வது? சேலை உடுத்திய மாதா சொரூபத்தைச் சுற்றித்தான் எப்போதும் ஆள் இருக்கும். தொட்டுக் கும்பிடுவார்கள், அழுவார்கள், மாலை போடுவார்கள். அங்கே ஒரு நிமிடம் நின்று வணங்கிவிட்டு ஆலயத்தின் உள்ளே, நடுப்பகுதிக்கும் பின்னால், ஓரத்து பெஞ்சுக்குப் போய்விடுங்கள். முன்வரிசை வேண்டாம். பீடத்துக்கு அருகே போனால் முழந்தாளிட்டே இருக்க வேண்டும் என்று தோன்றும், பத்து நிமிடத்தில் முட்டி வலி ஜெபமாகிவிடும். வாசலுக்கு அருகிலும் வேண்டாம், வருவோர் போவோர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்போம். கண்ணாடி ஜன்னலின் வண்ண வெளிச்சம் விழும் இடம் கிடைத்தால் நல்லது. கண் அலைபாயாமல் தங்க ஓர் இடம் வேண்டுமே.

இனி அந்த அரைமணி. இந்தச் செய்முறை புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல. இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் பதினாறாம் நூற்றாண்டில் வகுத்த ஆன்மசோதனையின் முதல் படியே பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்வதுதான், பாவத்தைத் தேடுவது அதற்குப் பிறகுதான் வரும். பலர் இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொண்டு, குற்றவுணர்ச்சியில் தொடங்கி அதிலேயே முடித்துவிடுகிறார்கள்.

முதல் ஐந்து நிமிடம் வந்துசேர்வதற்கு. கைபேசியை வைப்ரேஷனில் வைப்பது போதாது, அணைத்துவிடுங்கள். சிலுவை அடையாளம் போட்டு, முதுகு சாய்ந்து உட்காருங்கள். பஸ் ஹாரன், மார்க்கெட் கூச்சல், யாரோ செருப்பைத் தேய்த்து நடக்கும் ஒலி எல்லாம் காதில் விழும். அவற்றோடு சண்டை போடாமல் ஒவ்வொன்றாகக் கேட்டு விட்டுவிடுங்கள். பிறகு விவிலியத்தின் திருப்பாடல் 131. மூன்றே வசனம். தாய்மடியில் அமைதியாகக் கிடக்கும் குழந்தையாகத் தன் உள்ளத்தைப் பாடகர் சொல்லும் பாடல். மெதுவாக இரண்டு முறை வாசியுங்கள். வாய்க்குள் முணுமுணுத்தால் இன்னும் நல்லது, கண்ணால் வாசித்தால் வேகம் கூடிவிடும்.

அடுத்த பத்து நிமிடம்தான் இதன் உயிர். திருப்பாடல் 136ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 26 வசனங்கள், ஒவ்வொன்றும் ‘என்றும் உள்ளது அவரது பேரன்பு’ என்று முடியும். வானத்தைப் படைத்ததில் தொடங்கி, கடலைப் பிளந்ததைச் சொல்லி, கடைசிக்கு முந்தின வசனத்தில் எல்லா உயிருக்கும் உணவளிப்பதற்கு வந்து நிற்கும். சூரியன் சந்திரனுக்கும் சோற்றுக்கும் ஒரே பல்லவி. இந்த வடிவத்தை உங்கள் கடந்த 24 மணி நேரத்துக்குப் பொருத்துங்கள். நேற்று இதே நேரத்திலிருந்து தொடங்கி இப்போது வரை வாருங்கள், அதற்கு முன்னால் போக வேண்டாம். ‘நல்ல குடும்பம், நல்ல சுகம்’ என்று மொத்தமாகச் சொல்லக் கூடாது. அது பத்து வினாடியில் தீர்ந்துபோகும், மனதிலும் ஒட்டாது. தண்ணீர் லாரி சொன்ன நேரத்துக்கு வந்தது. நகர்ந்துவிட்ட பஸ்ஸை டிரைவர் நிறுத்தி ஏற்றிக்கொண்டார். அம்மாவின் சர்க்கரை அளவு ஏறவில்லை. ராத்திரி மிச்சமிருந்த புளிக்குழம்பு காலையில் இன்னும் ருசியாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் அந்தப் பல்லவி. எட்டு அல்லது பத்து வந்தால் போதும், 26ஐ எட்ட வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். தொடங்கியதும் மூன்று நான்கு சுலபமாக வரும், பிறகு காலியாகிவிட்டது போலிருக்கும். அங்கேதான் பெரும்பாலானவர்கள் எழுந்துவிடுகிறார்கள். இரண்டு நிமிடம் பொறுத்தால் கண்டுகொள்ளாமல் கடந்துபோன விஷயங்கள் அதற்குப் பின்னால்தான் வரத்தொடங்கும்.

பிறகு ஐந்து நிமிடம், அந்த 24 மணி நேரத்தில் நிறைவு எங்கே பறிபோனது என்று பார்க்க. பொதுவாக அது ஒரு குறிப்பிட்ட கணமாக இருக்கும்: ஒரு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், ஒரு வீட்டுப் புகைப்படம், போனில் அக்கா கேட்ட ஒரு கேள்வி. அந்தக் கணத்தை அப்படியே ஆண்டவர் முன் சொல்லிவிடுங்கள். விளக்கம், சாக்கு எதுவும் தேவையில்லை. அதையடுத்த ஐந்து நிமிடம், இப்போது அழுத்திக்கொண்டிருக்கும் ஒரே ஒரு பாரத்துக்கு. அதைத் தீர்த்துத் தரும்படி அன்றைக்குக் கேட்க வேண்டாம். ‘இது உமக்குத் தெரியும்’ என்று ஒப்படைத்துவிட்டு, இன்று இரவுக்குள் அதில் செய்யக்கூடிய ஒரு சின்ன வேலையை மட்டும் முடிவு செய்யுங்கள். ஒரு போன், ஒரு விண்ணப்பம், ஒரு மன்னிப்பு. கடைசி ஐந்து நிமிடம் பேசாமல் இருந்து, விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே ஜெபத்தை மெதுவாகச் சொல்லி, ‘இன்று’ என்ற இடத்தில் ஒரு மூச்சு நின்று, எழுந்துவிடுங்கள். நன்றாக இருக்கிறதே என்று நீட்டாதீர்கள். அடுத்த முறை அந்த அளவு வராவிட்டால் ஏமாற்றம் வரும்.

எங்கெல்லாம் கெடும் என்பதையும் சொல்ல வேண்டும். ஓடிக்கொண்டே இருந்த மனம் நின்றவுடன் மறந்துபோன வேலைகளெல்லாம் மேலே வரும்: கேஸ் புக் பண்ணணும், பள்ளிக் கட்டணம், மேனேஜருக்கு பதில். அடக்க முயன்றால் அவை இன்னும் உரக்கக் கத்தும். ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டு ஒற்றைச் சொல்லாகக் குறித்துவிட்டுத் திரும்பி வருவதே வழி. இதற்காகக் கைபேசியைத் திறந்தால் அந்த ஜெபம் அத்தோடு முடிந்தது.

இதைவிட ஆபத்தானது ஒப்பிட்டுச் சொல்லும் நன்றி. ‘அவனைப் போல எனக்குக் கடன் இல்லை, இவளைப் போல எனக்கு நோய் இல்லை.’ கேட்க பக்தியாகத்தான் இருக்கும். லூக்கா 18இல் கோவிலுக்குப் போன பரிசேயரின் ஜெபமும் நன்றியில்தான் தொடங்குகிறது, மற்றவர்களைப் போல் தான் இல்லை என்பதற்கான நன்றி! அவரல்ல, அதே கோவிலில் தன்னைப் பாவி என்று சொல்லி இரக்கம் கேட்ட வரிதண்டுபவரே கடவுளுக்கு ஏற்புடையவராக வீடு திரும்பினார் என்று இயேசு முடிக்கிறார். ஒப்பிட்டு வரும் நிறைவு ஒப்பிட்டே போய்விடும், உங்களைவிட நன்றாக இருப்பவரைச் சந்திக்கும் வரைதான் அதன் ஆயுள். ஆகவே நன்றிப் பட்டியலில் வேறொருவரின் குறை இடம்பெற்றால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

நன்றியை முன்பணமாக வைப்பதும் உண்டு. நன்றி சொன்னால் ஆண்டவர் இரண்டு மடங்காகத் தருவார் என்று மேடைகளில் கேட்டுப் பழகியவர்களுக்கு இது தன்னை அறியாமலேயே வரும். அதற்குப் பெயர் பேரம். இந்த அரைமணிக்கு விண்ணப்பம் வேண்டாம் என்று சொல்வதே அதனால்தான். விண்ணப்பம் வைப்பது தவறல்ல. கேளுங்கள் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். அதை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, ஒன்றுமே உணராமல் வறண்டு உட்கார்ந்திருக்கும் நாட்கள் வரும். அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சொன்ன நன்றி சொன்னதுதான். உணர்ச்சி பின்னால் வந்தாலும் வராவிட்டாலும்.

மனநிறைவு என்றால் சகித்துக்கொண்டு கிடப்பது என்று புரிந்துகொள்பவர்கள் நம்மிடையே அதிகம், குறிப்பாகப் பெண்களுக்கு இப்படித்தான் போதிக்கப்படுகிறது. எந்த நிலையிலும் மனநிறைவோடு இருக்கக் கற்றுக்கொண்டதாகப் பவுல் பிலிப்பியருக்கு எழுதியது சிறையிலிருந்து. கற்றுக்கொண்டேன் என்கிறார், பிறவிக் குணம் என்று சொல்லவில்லை. அதே கடிதத்தில் அவர்கள் அனுப்பிய உதவியை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறார். அதே பவுல்தான் நியாயம் கிடைக்காது என்று தெரிந்ததும் சீசரிடம் முறையிடுகிறேன் என்று உரிமையோடு எழுந்து நின்றவர். சம்பளம் பிடித்துவைத்திருக்கும் முதலாளி மீது புகார் கொடுப்பதும், அடிக்கிற கணவனை விட்டு வெளியேறுவதும் மனநிறைவுக்கு எதிரானவை அல்ல. அதேபோல், எதிலும் ஆர்வமில்லாமல், தூக்கம் கெட்டு, அழுகையும் வெறுமையுமாக இரண்டு வாரத்துக்கு மேல் போனால் இன்னும் அதிகமாக ஜெபிக்கச் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. வீட்டுக்கு அருகில் மனநல மருத்துவர் இருப்பார். மருந்தும் அன்றாட உணவில் சேர்ந்ததே.

திருப்பலியோடு சேர்த்துச் செய்யலாமா? செய்யலாம். வேலைநாள் திருப்பலி பெரும்பாலும் அரைமணியை ஒட்டி முடிந்துவிடும். பத்து நிமிடம் முன்னதாக வந்து அந்த 24 மணி நேர நன்றியை மட்டும் முடித்துக்கொள்ளுங்கள். பிறகு ‘நம் இறைவனாகிய ஆண்டவருக்கு நன்றி கூறுவோம்’ என்று குரு அழைக்கும்போது, ‘அது தகுதியும் நீதியுமானதே’ என்ற பதிலுக்கு உங்களிடம் பொருள் இருக்கும். நேரமே இல்லாத வாரத்தில் வீட்டில் ஏழு நிமிடச் சுருக்கம் போதும்: ஒரு நிமிடம் அமைதி, ஐந்து நிமிடம் பல்லவியோடு நன்றி, ஒரு நிமிடம் ஜெபம். மாதம் ஒருமுறை இரண்டு மணி நேரம் உட்கார்வதைவிட வாரம் ஒரு அரைமணியும் மற்ற நாட்களில் ஏழு நிமிடமும் நீண்டகாலம் நிற்கும்.

விவேக்நகர் குழந்தை இயேசு ஆலயத்தோடு ஒப்பிட்டுக் கேட்பார்கள். வியாழக்கிழமை நவநாள் வேண்டுதல் ஜெபத்துக்கு அதற்கு நிகரில்லை. பாரத்தோடு போய் மற்றவர்களின் விசுவாசத்தில் தோள் சாய்த்துக்கொள்ள வேண்டிய நேரத்தில் அங்கேதான் போக வேண்டும். ஆனால் அங்குள்ள சூழலே விண்ணப்பத்தை நோக்கி இழுக்கும். சிவாஜிநகரிலும் அந்த இழுப்பு உண்டு, மாதா சொரூபத்தைவிட்டு நகர்ந்து உள்ளே வந்தால் குறைந்துவிடும். முழு மௌனம் தேடுகிறவர்களுக்கு இரண்டுமே சரிவராது, தியான இல்லம் எதையாவது நாடலாம். எங்கள் பார்வையில், சிவாஜிநகரின் சத்தம் குறையாகத் தெரிந்தாலும் பயிற்சிக்கு அதுவே அனுகூலம். மலையுச்சி அமைதியில் கிடைத்த நிறைவு பஸ் ஸ்டாண்டு வரை தாங்காது. இங்கே ஹாரனுக்கு நடுவே பழகியது ஹாரனுக்கு நடுவே உதவும். சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு மட்டும் இந்த அரைமணிச் செய்முறை ஒத்துவராது. பிள்ளையோடு ஒரு மெழுகுதிரி ஏற்றி, ‘இன்னைக்கு உனக்கு எது பிடிச்சிருந்தது?’ என்று கேட்டு, அதற்கு அங்கேயே நன்றி சொல்ல வையுங்கள், அது போதும்.

செப்டம்பரில் முதல்முறை போகத் திட்டமிடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் திருவிழா வரை உட்கார இடம் கிடைக்காது, தேர் அன்று சாலையில் நடக்கவே இடமிருக்காது. அந்த நாட்களில் போனால் பாட்டோடும் கூட்டத்தோடும் கலந்துகொள்ளப் போங்கள். இந்த அரைமணிக்காக, பந்தல் பிரித்த பிறகு, மூன்றாவது வாரத்தில் ஒரு செவ்வாயோ புதனோ பார்த்துப் போகலாம்.